ஏழு நாள் முன்னறிவித்தல்

மார்ச் 4, திங்கள்

வரைவு வந்துவிட்டது. "முதியோர் பராமரிப்பு இல்லங்கள் (பதிவும் மேற்பார்வையும்) நியதிச் சட்டம்." முப்பத்தொரு பிரிவுகள், இரண்டு அட்டவணைகள், எண்ண முடியாத அளவு எழுத்துப் பிழைகள்.

இனி நடக்கப்போவது எனக்கு மனப்பாடம். அமைச்சர் இதை மாகாண சபையில் வைப்பார். சபை எங்கள் குழுவுக்கு அனுப்பும். குழு பிரிவு பிரிவாகப் பார்த்து, ஆட்களைக் கூப்பிட்டுக் கேட்டு, அறிக்கை தரும். சபை மறுபடி விவாதித்து வாக்கெடுக்கும். ஆளுநர் சம்மதம் தெரிவித்துக் கையொப்பமிட்டால் சட்டம். இதில் குழு அலுவலரான என் வேலை, யார் என்ன சொன்னார்கள் என்று எழுதுவது. பதினொரு வருடமாக எழுதுகிறேன். எனக்குக் கருத்துக் கிடையாது. சம்பளம் அதற்கும் சேர்த்துத்தான்.

பிரிவு 14ஐ இரண்டு தடவை வாசித்தேன். "பரிசோதகர் ஒருவர், ஏழு நாள் எழுத்துமூல முன்னறிவித்தலின் பின், எந்தவோர் இல்லத்தினுள்ளும் நுழைந்து பரிசோதிக்கலாம்." "எந்தவோர்" என்பதில் துணைக்கால் விடுபட்டிருந்தது. போட்டேன்.

மார்ச் 10, ஞாயிறு

அப்பாவிடம் போய்வந்தேன். இதை இங்கே எழுதலாம். வேறெங்கும் எழுதவுமில்லை, சொல்லவுமில்லை.

போன ஓகஸ்ட்டில் சபை அமர்வு இரவு ஏழுவரை இழுத்த ஒரு நாளில் அப்பா குளியலறையில் விழுந்து மூன்று மணித்தியாலம் கிடந்தார். இடுப்பு எலும்பு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் கனடாவிலிருந்து அண்ணா, இளவெயில் முதியோர் இல்லத்தின் படங்களை அனுப்பினார். புல்வெளி, மீன்தொட்டி, வெள்ளைச் சீருடையில் பெண்கள். எனக்கு இரண்டு நாள் யோசிக்க வேண்டும் என்றேன். ஒரு நாளே போதுமாயிருந்தது. அலுவலகத்தில், அப்பா கொழும்பில் உறவினர் வீட்டில் இருக்கிறார் என்று சொல்லியிருக்கிறேன். கொழும்பில் எங்களுக்கு உறவினர் எவருமில்லை.

அப்பாவுக்கு எண்பத்து நாலு. முப்பத்தாறு வருடம் ஸ்டேஷன் மாஸ்டர். பக்கத்துக் கட்டிலில் அப்புத்துரை ஐயா, முன்னாள் லொறிச் சாரதி. இருவரும் ரயிலா ரோட்டா என்று ஆறு மாதமாக வாதாடுகிறார்கள். அவரைப் பார்க்க யாரும் வந்து நான் கண்டதில்லை.

அப்பாவின் நகங்கள் வளர்ந்திருந்தன. வெட்டிவிட்டேன். தண்ணீர்க் கூசா மேசையின் அந்தப் பக்க மூலையில் இருந்தது. கையெட்டும் இடத்துக்கு நகர்த்தினேன்.

"எல்லாம் வசதிதானே அப்பா?"

"எல்லாம் சரி. நீ வெளிக்கிடு, நாலரை பஸ் போயிடும்."

நாலரை பஸ் போய்விட்டது. ஐந்தேகாலுக்கு வந்ததில் ஏறினேன்.

மார்ச் 14, வியாழன்

குழுவின் முதல் கூட்டம். தவிசாளர் அருமைநாயகம், ஆளுங்கட்சி, ஓய்வுபெற்ற அதிபர். உறுப்பினர்களைப் பெயர் கூப்பிட்டு வரவு எடுக்காத குறைதான். எதிர்க்கட்சியிலிருந்து றிஸ்வான், கேள்வி கேட்பதையே தொழிலாகக் கொண்டவர். மற்ற மூவர் தேநீர்வரை இருந்தார்கள்.

தலைப்பில் "முதியோர்" வேண்டுமா "மூத்தோர்" வேண்டுமா என்று நாற்பது நிமிடம் பேசப்பட்டது. "முதியோர்" நிற்கட்டும் எனத் தீர்மானிக்கப்பட்டது.

பிரிவு 14க்கு வந்ததும் றிஸ்வான், "ஏழு நாளுக்கு முன்னமே கடிதம் போட்டுட்டுப் போனா அங்க என்னத்தப் பிடிக்கிற?" என்றார்.

தவிசாளர், "உது பிடிக்கிற விஷயமில்லை, தம்பி. அவை எங்கட ஆக்கள். மரியாதையாப் போவம்," என்றார்.

நேரில் பார்த்துவிட்டுப் பேசலாம் என்று மூன்று இல்லங்களுக்குப் போக முடிவாயிற்று. சமூக சேவைத் திணைக்களம் தந்த பட்டியலில் இரண்டாவது பெயர் இளவெயில் இல்லம்.

"ரஞ்சினி மிஸ், முறைப்படி கடிதம் போடுங்கோ. ஏழு நாள் இருக்க வேணும்," என்றார் தவிசாளர்.

"ஓம் சேர்," என்றேன். வேறெதுவும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய இடம் அதுதான் என்பது கூட்டக்குறிப்பு எழுதும்போதுதான் தெரிந்ததென்று எழுத நினைத்தேன். அப்போதே தெரியும். குறிப்பில் அதற்கு இடமில்லை.

மார்ச் 15, வெள்ளி

கடிதம் தட்டச்சு செய்தேன். செயலாளர் ஒப்பமிட்டார். பதிவுத் தபாலில் போயிற்று.

மார்ச் 17, ஞாயிறு

இளவெயிலில் பெயின்ற் மணம். மூன்று பேர் ஏணியில் நின்றார்கள். அப்பாவின் கட்டிலுக்கு மேல் புதிதாக ஒரு மணிச் சுவிட்ச். கட்டிலில் புது மெத்தை, புது விரிப்பு.

"அழுக்காக்கக் கூடாதாம்," என்றார் அப்பா. விரிப்பின் ஓரத்தில், பிறர் வீட்டுக் கதிரையில் உட்காருவதுபோல உட்கார்ந்திருந்தார்.

மேற்பார்வையாளர் திருமதி எமல்டா ஓடிக்கொண்டிருந்தார். "மாகாண சபையாலை பெரிய ஆக்கள் வருகினம், மிஸ். நல்ல நேரம் முன்னமே அறிவிச்சவை." என் தொழில் அவரிடம் உள்ள படிவத்தில் "அரச ஊழியர்" என்று மட்டும் இருக்கிறது.

அப்பாவுக்கு மாத்திரம் சொன்னேன், அவர்களோடு நானும் வருவேன் என்று. "ட்யூட்டியிலையோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். தலையாட்டினார்.

மார்ச் 19, செவ்வாய்

வெள்ளிக்கிழமைக்கு லீவு கேட்டேன். காய்ச்சல் வரும்போல இருக்கிறது என்றேன். செயலாளர், மூன்று நாளுக்குப் பிறகு வரும் காய்ச்சலைத் தான் இதுவரை கேள்விப்பட்டதில்லை என்றார். குறிப்பெடுக்க வேறு ஆளில்லை.

மார்ச் 22, வெள்ளி

முதல் இல்லத்தில் பாயாசம். இளவெயிலில் கட்லட்டும் ரோல்ஸும். மூன்றாவதில் மதியச் சாப்பாடு.

எழுத வேண்டியது இளவெயிலைப் பற்றி.

எல்லாரையும் வரவேற்பறையில் வரிசையாக இருத்தியிருந்தார்கள். அப்பாவுக்கு இஸ்திரி போட்ட வெள்ளைச் சேர்ட். வெள்ளைச் சீருடையில் ஆறு பெண்கள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் கண்டது இரண்டு பேரைத்தான். தவிசாளர் ஒவ்வொருவரிடமும் குனிந்து, "எல்லாம் வசதியா இருக்கோ?" என்று கேட்டுக்கொண்டு வந்தார். எல்லாரும் ஓம் என்றார்கள். நான் பின்னால் நின்று எழுதினேன். அப்புத்துரை ஐயா என்னைக் கண்டதும் வாயைத் திறந்தார். அப்பா அவருடைய கையில் மெல்லத் தட்டினார். அவர் மூடிக்கொண்டார்.

"ஐயா என்ன வேலை பாத்தனீங்கள்?"

"ஸ்டேஷன் மாஸ்டர்."

"பிள்ளையள்?"

"ஒரு மகன். கனடாவிலை."

தவிசாளர் பரிதாபமாகப் பார்த்தார். நான் எழுதினேன்: "வசிப்பவர், ஆண், 84. பிள்ளை ஒருவர், வெளிநாட்டில். வசதிகள் திருப்தி என்றார்." கையெழுத்து நன்றாகவே இருந்தது.

றிஸ்வான் சுவரைத் தொட்டுப் பார்த்தார். விரலில் பெயின்ற் ஒட்டியது. கைலேஞ்சியால் துடைத்துக்கொண்டார். அதையும் எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதவில்லை.

தேநீர் நேரத்தில் எமல்டா எனக்குக் கோப்பையை நீட்டியபடி குரலைத் தாழ்த்தினார். "மிஸ் பயப்பிடாதேங்கோ. நாங்கள் ஒருத்தருக்கும் சொல்லமாட்டம்." பிறகு, "அறிக்கை எழுதுறதும் நீங்களோ?" என்றார்.

நான்தான் என்றேன். இரண்டு ரோல்ஸ் எடுக்கச் சொன்னார்.

மார்ச் 24, ஞாயிறு

பழைய மெத்தை திரும்பி வந்திருந்தது. புதியவை வாடகைக்கு எடுத்தவையாம், கல்யாண மண்டபத்துக்குச் சாமான் கொடுக்கும் கடையில். மணிச் சுவிட்ச் சுவரில் இருக்கிறது. அழுத்திப் பார்த்தேன். யாரும் வரவில்லை. மறுமுறை அழுத்தியபோது அப்புத்துரை ஐயா, "அதுக்கு வயர் இல்லைப் பிள்ளை. நான் அண்டைக்கே பாத்தனான்," என்றார்.

அப்பாவுக்குச் சேர்ட் மாற்றிவிட முதுகைத் திருப்பினேன். இடுப்புக்குக் கீழே படுக்கைப்புண். என் உள்ளங்கையை விடச் சற்றுப் பெரிது. துணி அதில் ஒட்டியிருந்தது. தண்ணீர் விட்டு நனைத்து எடுத்தேன். அப்பா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"எத்தினை நாளா அப்பா?"

"தைப்பொங்கலுக்கு முந்தி."

பத்துக் கிழமை. பத்து ஞாயிறு வந்திருக்கிறேன். நகம் வெட்டியிருக்கிறேன்.

"வெள்ளிக்கிழமை அவ்வளவு பேர் வந்து கேட்டவை. ஏன் சொல்லேல்லை?"

"நீ எழுதிக்கொண்டு நிண்டாய். நான் சொன்னால் உன்ரை கையாலைதான் எழுத வேணும்."

எமல்டாவிடம் மருந்து கேட்டேன். டொக்டர் புதன்கிழமைதான் வருவாராம். "உந்த வயசிலை புண் வாறதுதான் மிஸ். அறிக்கை நல்லாத்தானே வரும்?" என்றார்.

முச்சக்கரவண்டி பிடித்து அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். கழுவிக் கட்டினார்கள். உடைந்த இடுப்போடு அவ்வளவு தூரம் போய்வந்ததில் களைத்துப்போனார். வீட்டுக்குக் கொண்டுபோக எனக்கு வீட்டில் கட்டில்கூடச் சரியாக இல்லை. திரும்ப அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். இதை எழுதாமல் விடலாம். எழுதுகிறேன்.

மார்ச் 25, திங்கள்

அறிக்கையின் முதல் பந்தியை எழுதினேன். "குழு பார்வையிட்ட மூன்று இல்லங்களும் திருப்திகரமான நிலையில்..." அழித்தேன். மறுபடி எழுதினேன். அதே வசனம்தான் வந்தது. இத்தகைய வசனம் எனக்குத் தானாக வரும்.

மார்ச் 26, செவ்வாய்

தவிசாளரின் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே சொன்னேன். இளவெயிலில் வெள்ளைச் சேர்ட்டுடன் இருந்த ஸ்டேஷன் மாஸ்டர் என் அப்பா என்றேன். மெத்தை, மணி, புண் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நீங்கள் பக்கத்திலைதானே நிண்டனீங்கள்?"

"ஓம் சேர்."

"அந்த மனுசன் மகன் மட்டும் எண்டல்லோ சொன்னவர்."

"ஓம் சேர்."

கடிந்து பேசுவார் என்று நினைத்தேன். "நீங்கள் இப்ப எனக்குச் சொன்னது ஒண்டுக்கும் உதவாது," என்றார். "அறைக்குள்ளை வந்து அலுவலர் சொன்னதை நான் அறிக்கையிலை போடேலாது. பொதுமக்களிட்டைக் கருத்துக் கேட்டுப் பத்திரிகையிலை போட்டமெல்லே? எப்ப முடிவு?"

"வெள்ளிக்கிழமை, சேர். நாலு மணி."

"எத்தினை வந்திருக்கு?"

"இரண்டு. ஒண்டு முதியோரா மூத்தோரா எண்டது. மற்றது வேறை திணைக்களத்துக்கு எழுதினது."

"நீங்களும் பொதுமக்கள்தானே," என்றார். பிறகு, நான் கதவைத் திறக்கும்போது, "எழுதினால் உங்களுக்கு இந்தக் கதிரை இருக்காது, மிஸ். தெரியும்தானே?" என்றார்.

தெரியும் என்றேன்.

மார்ச் 29, வெள்ளி

லீவு போட்டு வீட்டில் இருந்து எழுதினேன். நான்கு பக்கம். பதினொரு வருடத்தில் "நான்" என்று தொடங்கும் வசனம் எழுதியதில்லை. முதல் பந்தியில் மட்டும் ஒன்பது "நான்" இருந்தது. நான்கைக் குறைத்தேன்.

மூன்றரைக்கு அலுவலகத்துக்குப் போனேன். எழுத்துமூலக் கருத்துகளைப் பொறுப்பேற்கும் அலுவலர் நான். ஆகவே என்னிடம் கொடுத்தேன். முத்திரை குத்தி, இலக்கம் 3 என்று போட்டு, அனுப்பியவர் க. கலாரஞ்சினி, பெற்றவர் க. கலாரஞ்சினி என்று பதிந்து, பற்றுச்சீட்டுக் கிழித்து எடுத்துக்கொண்டேன். இனிக் குழுக் குறிப்பை நூலகப் பொறுப்பாளர் எழுதுவார் எனச் செயலாளர் உத்தரவிட்டார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஏப்ரல் 4, வியாழன்

சாட்சிகள் உட்காரும் கதிரை தவிசாளருக்கு எதிரே இருக்கிறது. அதைப் பதினொரு வருடமாகப் பக்கவாட்டில் இருந்துதான் பார்த்திருக்கிறேன். முன்னால் இருந்து பார்த்தால் அறை பெரிது. தண்ணீர்க் குவளை எட்டாத தூரத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. அதை வைத்துவந்தவளும் நான்தான்.

எனக்கு முன் இளவெயில் உரிமையாளர் பேசினார். நல்ல கோட். அந்தப் பெரியவர் புண்ணோடுதான் வந்தார் என்றார். மகள் ஞாயிறுதோறும் வந்தார், ஒரு நாளும் முறைப்பாடு செய்ததில்லை என்றார். "தகப்பனை வைச்சிருக்கிறதை அலுவலகத்துக்கு மறைச்சவ. இண்டைக்கு எங்களைக் குற்றம் சொல்லுறா." ஏழு நாள் என்பதுகூடக் குறைவு, தங்களுக்குப் பதினாலு நாள் வேண்டும் என்றார்.

நான் எழுதியதை வாசித்தேன். ஆஸ்பத்திரித் துண்டைக் கொடுத்தேன். வாடகைக் கடையின் பெயரைச் சொன்னேன்.

றிஸ்வான் என் பக்கம் நிற்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் தன் தொழிலைச் செய்தார்.

"நாங்க போன அண்டைக்கு நீங்களும் வந்தீங்க. அந்த ஏழு நாள் கடிதத்த அடிச்சது ஆரு?"

"நான்."

"பெயின்ற் அடிக்கிறத முன்னமே கண்டீங்களா?"

"கண்டன்."

"ஏன் எங்களுக்குச் சொல்லல்ல?"

எழுதிக்கொண்டுவந்த நான்கு பக்கத்தில் இதற்கு விடை இல்லை.

"சொன்னால், அப்பாவை அங்கை விட்டது நான்தான் எண்டு தெரியவரும்," என்றேன். "எனக்கு வெக்கமா இருந்தது. அது அவைக்கும் தெரியும். நான் வாய் திறக்கமாட்டன் எண்டு அவைக்குத் தெரிஞ்சபடியால்தான் மெத்தையைத் திருப்பி எடுக்க அவை பயப்பிடேல்லை. அங்கை விட்டிட்டு வாற எல்லாருக்கும் இந்த வெக்கம் இருக்கு. நாங்கள் முறைப்பாடு செய்யமாட்டம். அதாலைதான் கேக்கிறன். ஆராவது சொல்லாமல் வர வேணும்."

நூலகப் பொறுப்பாளர் எழுதுவதை நிறுத்திவிட்டார். எழுதச் சொல்லிக் கண்ணைக் காட்டினேன். எழுதினார்.

தவிசாளர் எழுந்து வந்து தண்ணீர்க் குவளையை என் பக்கம் நகர்த்தினார்.

ஏப்ரல் 5, வெள்ளி

செய்தி கனடாவுக்கு என்னை விட வேகமாகப் போயிருக்கிறது. அண்ணா விடியவே எடுத்தார். "ஊருக்கு முன்னாலை எங்களை நாறடிச்சிட்டாய்," என்றார். அப்பாவின் புண் எப்படி என்று பன்னிரண்டாவது நிமிடத்தில் கேட்டார். ஆனால் கேட்டார். சொன்னேன். அழுகிறாரா லைன் போய்விட்டதா என்று தெரியவில்லை.

ஏப்ரல் 7, ஞாயிறு

கட்டில் வாங்கிப் போட்டாயிற்று. பகலில் பார்க்க, ஆஸ்பத்திரியில் வேலைசெய்து ஓய்வுபெற்ற நேசம்மா அக்கா ஒத்துக்கொண்டார். அப்பாவைக் கூட்டிவர வாடகை வான் ஒன்று பிடித்துக்கொண்டு போனேன்.

அப்பா உடுப்புப் பெட்டியைப் பூட்டவில்லை.

"அப்புத்துரை?" என்றார்.

"அவர் என்ன?"

"நான் போனால் அவருக்குத் தண்ணி எடுத்துக் குடுக்க ஆள் இல்லை. கை நடுங்கும்."

இடுப்பு உடைந்த மனிதர் கை நடுங்குபவருக்கு எப்படித் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார் என்று கேட்டேன். "நான் சொல்லுவன், அவர் எடுப்பார்," என்றார். அப்புத்துரை ஐயா எங்களைப் பார்க்காமல் யன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய பொருட்களெல்லாம் ஒரு பையில் கட்டப்பட்டு, கட்டிலுக்குக் கீழே தயாராக இருந்தன. இரண்டு பேரும் முன்னமே பேசி வைத்திருக்கிறார்கள்.

அவருக்காக ஒப்பமிட யாருமில்லாததால் அவரே ஒப்பமிட்டார். எமல்டா வாசல்வரை வந்தார். "நான் சம்பளத்துக்கு நிக்கிறனான் மிஸ்," என்றார்.

வழியெல்லாம் அப்புத்துரை ஐயா வான்காரருக்கு எங்கே கியர் மாற்றுவது என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

ஏப்ரல் 24, புதன்

இடமாற்றக் கடிதம். அனுமதி பெறாமல் குழு முன் சாட்சியமளித்தமைக்கு எச்சரிக்கை. குழு அலுவலர் பதவியிலிருந்து நூலகத்துக்கு. நூலகப் பொறுப்பாளர் என் கதிரைக்கு. அவருக்கு என் பேனாக்களையும் ஒரு குறிப்பையும் விட்டுவந்தேன்: "தவிசாளர் 'சுருக்கமாக' என்றால் இருபது நிமிடம்."

நூலகத்தில் எட்டு அலுமாரி, ஒரு மின்விசிறி. நாலேகாலுக்கு வெளிக்கிடலாம். ஐந்துக்கு வீட்டில் நிற்கிறேன்.

மே 14, செவ்வாய்

சபையில் வரைவின் மீது குழுநிலை விவாதம். பார்வையாளர் மாடத்தில் இருந்து பார்த்தேன். அங்கே குறிப்பெடுக்கத் தடை. ஆகவே நினைவிலிருந்து எழுதுகிறேன்.

பிரிவு 1 முதல் 13வரை பதினைந்து நிமிடம். பிரிவு 14க்கு ஒன்றே முக்கால் மணித்தியாலம். றிஸ்வான் திருத்தம் கொண்டுவந்தார்: "ஏழு நாள் எழுத்துமூல முன்னறிவித்தலின் பின்" என்பதற்குப் பதிலாக "முன்னறிவித்தலின்றி, எந்த நேரத்திலும்". அமைச்சர் இணங்கவில்லை. இரண்டு நாள் என்று வைத்துக்கொள்ளலாம் என்றார். தனியார் முதலீடு பயந்துவிடும் என்றார். ஆளுங்கட்சிப் பக்கம் மேசைகள் தட்டப்பட்டன.

அருமைநாயகம் எழுந்தார். அமைச்சரின் கட்சி. சுருக்கமாகப் பேசுவதாகச் சொன்னார், நான் மணிக்கூட்டைப் பார்த்தேன்.

"கௌரவ தலைவர் அவர்களே, நான் இருபத்தொரு வருஷம் அதிபரா இருந்தனான். இன்ஸ்பெக்டர் வாறார் எண்டு கடிதம் வந்தால் நாங்கள் சுவருக்கு வெள்ளையடிப்பம். கெட்டிக்காரப் பிள்ளையளை முன் வாங்கிலை இருத்துவம். படிக்கேலாத பிள்ளையளுக்கு அண்டைக்கு லீவு குடுப்பம். ஓம், நானும் குடுத்தனான். அந்தப் பிள்ளையள் சந்தோசமா வீட்டை போச்சுதுகள். இருபத்தொரு வருஷத்திலை ஒரு இன்ஸ்பெக்டரும் அதுகளைக் காணேல்லை. போன பங்குனியிலை நானே இன்ஸ்பெக்டரா ஒரு இடத்துக்குப் போனன். எனக்கும் வெள்ளையடிச்ச சுவரைத்தான் காட்டினவை. நானும் திருப்தி எண்டு சொல்லி ரோல்ஸ் சாப்பிட்டனான்."

அவ்வளவுதான். மூன்று நிமிடம்.

வாக்கெடுப்பு. ஆம் பதினேழு, இல்லை பதினாறு. ஆளுங்கட்சியிலிருந்து அவரோடு இன்னும் இரண்டு பேர் கை உயர்த்தியிருந்தார்கள். அதில் ஒருவர் குழுவில் தேநீர்வரை இருப்பவர்.

மாடத்தில் கைதட்டக்கூடாது. என் கைகளைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 27, வியாழன்

ஆளுநர் அலுவலகம் வரைவைத் திருப்பியனுப்பியிருக்கிறது. சிங்களப் பிரதியில் "எந்த நேரத்திலும்" விடுபட்டுப்போயிற்றாம். அதைக் கண்டுபிடித்தவர் பெயர் தெரியவில்லை. கைகுலுக்க வேண்டும்.

அப்பாவின் புண் ஒரு ரூபாய்க் குற்றியளவுக்கு வந்திருக்கிறது. நேசம்மா அக்கா தினமும் அளக்கிறார்.

ஓகஸ்ட் 8, வியாழன்

ஆளுநர் ஒப்பமிட்டார். வர்த்தமானியின் ஒரு பிரதி நூலகத்துக்கு வந்தது. அட்டவணை இலக்கமிட்டு அலுமாரி ஐந்தில் வைத்தேன். பிறகு எடுத்து, பிரிவு 14ஐ வாசித்துவிட்டு, மறுபடி வைத்தேன். "எந்தவோர்" சரியாக இருந்தது.

ஒக்டோபர் 19, சனி

காலை பத்து நாற்பதுக்கு வாசல் படலையில் ஒரு பெண். சமூக சேவைத் திணைக்களப் பரிசோதகர், பெயர் தர்மிளா, கழுத்தில் அடையாள அட்டை. பிரிவு 14இன்கீழ் வந்திருப்பதாகச் சொன்னார்.

இது வீடு என்றேன். அவர் பிரிவு 2ஐ எடுத்து வாசித்தார். "இல்லம் என்பது, இரத்த உறவு அல்லாத முதியவர் ஒருவரையேனும் தங்கவைத்துப் பராமரிக்கும் எந்தவோர் இடமும்." அப்புத்துரை ஐயா ஒருவர். நான் எதிர்த்துப் பேசவில்லை. அந்த வாசகத்தில் காற்புள்ளி போட்டதும் நான்.

கூடத்தில் ஈரத் துணிகள் கொடியில் தொங்கின. நேசம்மா அக்காவுக்குச் சனி லீவு. அடுப்பில் பருப்பு அடிப்பிடித்துக்கொண்டிருந்தது. நான் நைட்டியில் நின்றேன். அவர் எல்லாவற்றையும் பார்த்தார். அப்பாவின் முதுகைத் திருப்பிப் பார்த்தார். மணியை அழுத்திப் பார்த்தார். மணி அடித்தது.

"ஐயா, ஏதாவது குறை இருக்கோ?"

"ஓம்," என்றார் அப்பா. கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். சோறு குழைகிறது என்றார். தேத்தண்ணிக்குச் சீனி போதாது என்றார். குளியலறைக்குக் கைப்பிடி வைக்கச் சொல்லி மூன்று மாதமாகிறது, இன்னும் ஆள் வரவில்லை என்றார். நான் நிற்பதை அவர் பொருட்படுத்தவில்லை. தர்மிளா எழுதினார். அப்பா, அவர் எழுதி முடிக்கும்வரை பார்த்திருந்துவிட்டு அடுத்ததைச் சொன்னார். இவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டு ஒரு வருடத்துக்கு மேல். எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். உள்ளே போய்ப் பருப்பை இறக்கி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

மூன்று குறைபாடுகள், பதினாலு நாள் தவணை. அதோடு பதிவுப் படிவம். மேசையில் இருந்து நிரப்பினேன். வசிப்பவருக்கும் உரிமையாளருக்கும் உள்ள உறவு என்று ஒரு கட்டம். அப்பாவுக்கு, மகள். அப்புத்துரை ஐயாவின் கட்டத்தில் பேனா நின்றது.

"இல்லை எண்டு போடுங்கோ மிஸ்," என்றார் தர்மிளா.

"அப்பிடி ஒண்டுமில்லை எண்டு எழுதிப்போடாதை பிள்ளை," என்றார் அப்புத்துரை ஐயா கட்டிலிலிருந்து.

"உறவு இல்லை எண்டாத்தான் ஐயா பதியலாம். பதிஞ்சாத்தான் நீங்கள் இங்கை இருக்கலாம்."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அப்பா என்னைப் பார்த்தார்.

நான் எழுதினேன்: "இரத்த உறவு இல்லை. என் தகப்பனாரின் நண்பர். இது அவருடைய வீடு."

தர்மிளா வாசித்துவிட்டு, அவ்வளவு நீளத்துக்குக் கட்டத்தில் இடமில்லையே என்றார். எழுத்துகள் கோட்டைத் தாண்டித்தான் போயிருந்தன. சட்டப்படி பிழையில்லை என்றேன்.

அப்புத்துரை ஐயா திரும்பாமலே, அதை உரக்க வாசிக்கச் சொன்னார். தர்மிளா வாசித்தார்.

"கேக்கேல்லை. இன்னொருக்கால் வாசியுங்கோ," என்றார்.

அவருக்குக் காது நன்றாகக் கேட்கும்.